நான் என்று வராத சொல்

பொருநை கடலைத் தொடுவதற்கு இரண்டு காதம் முன்னால், ஆற்றின் தென்கரையில் ஒரு மடம் இருந்தது. அங்கே மந்திரம் சொல்லித் தருவதில்லை. மருந்தும் சொல்லித் தருவதில்லை. சொற்களைச் சேர்த்து ஒரு பெரிய ஏடு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஊரார் அதைச் சொல்மடம் என்றார்கள்.

ஆசிரியர் வரகுணருக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய முதன்மை மாணவர் குழைக்காதருக்கு ஐம்பத்தொன்று. குழைக்காதர் அரண்மனையில் இருபது ஆண்டு ஓலை எழுதியவர். அவர் எழுத்து முத்துக் கோத்தது போல இருக்கும். அந்த வேலையை விட்டுவிட்டுத் தன்னைவிட இளையவரிடம் மாணவராக வந்து அமர்ந்தார். "கற்பதற்கு வயது பார்ப்பவன் நான் அல்ல" என்பார். அதைச் சற்று அடிக்கடி சொல்வார்.

மடத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் போதாது. மனிதர்கள் அதை எப்படிப் புழங்குகிறார்கள் என்று போய்க் கேட்டு வர வேண்டும். பசி, கோபம், வெட்கம் போன்ற உணர்வுச் சொல் என்றால் மூன்று எடுத்துக்காட்டு வேண்டும். நான் என்று ஒன்று. நீ என்று ஒன்று. அவர் என்று ஒன்று. மூன்றும் யாரோ ஒருவர் வாயிலிருந்து மெய்யாகவே வந்திருக்க வேண்டும்.

ஒரு தை மாதக் காலையில் வரகுணர் குழைக்காதரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தார்.

"பொறாமை."

குழைக்காதர் எழுத்தாணியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பிறர் ஆக்கம் கண்டு மனம் புழுங்குதல்" என்றார்.

"புழுங்கியிருக்கிறீரா?"

"நானா? இல்லை."

"பிறகு இது யார் சொன்னது?"

"முன்னோர் சொன்னது."

"முன்னோர் புழுங்கியிருக்கிறார்கள்" என்றார் வரகுணர். "நீர் போய்க் கேட்டு வாரும்."

குழைக்காதர் போனார். தோணித்துறைக்குப் போனார். சந்தைக்குப் போனார். தறி ஓடும் தெருவில் நாள் முழுவதும் நின்றார். ஏழு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"ஆசிரியரே, துறையில் ஒரு சுமைக்காரன். தலையில் இரண்டு மூட்டை. மூன்றாவதை ஏற்றப் போனார்கள். 'கழுத்து பொறுக்காது சாமி' என்றான். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பொறுத்தல் என்றால் சுமத்தல். பொறாமை என்றால் சுமக்க முடியாமை. பிறர் ஆக்கத்தைச் சுமக்க முடியாமை."

"நல்லது" என்றார் வரகுணர். "ஆனால் அந்த ஆக்கம் பிறர் தலையில் அல்லவா இருக்கிறது? உம் கழுத்து ஏன் வலிக்கிறது?"

குழைக்காதர் ஓலைக்கட்டைப் பிரித்தார். "எடுத்துக்காட்டுகளைப் படிக்கட்டுமா?" என்றார்.

"படியும்."

"நீ என்பதற்குச் சந்தையில் கிடைத்தது: 'உனக்குப் பொறாமைடி, அதான் என் சேலையைக் குத்தம் சொல்ற.' அவர் என்பதற்குத் துறையில் கிடைத்தது: 'அவனுக்கு என் தோணியைப் பார்த்துப் பொறாமை.' இந்த இரண்டும் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன."

"நான் என்பதற்கு?"

"ஒன்று கிடைத்தது. ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னாள்: 'உன் கூந்தலைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு.'"

"சிரித்துக்கொண்டே சொன்னாளா?"

"ஆம்."

"அது பாராட்டு. பாராட்டு வேறு ஏட்டில் இருக்கிறது. சிரிக்காமல் சொன்னவர் யாராவது?"

குழைக்காதர் ஓலைகளைப் புரட்டினார். எல்லா ஓலைகளையும் புரட்டினார்.

"இல்லை. நான் பசித்தேன் என்கிறார்கள். நான் கோபப்பட்டேன் என்கிறார்கள். திருடினேன் என்றுகூட ஒருவன் சொன்னான். இந்தச் சொல்லை மட்டும் யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. ஆசிரியரே, இது நான் என்று வராத சொல். அப்படியே குறித்துவிடலாம்."

"வராத சொல் உண்டா?" என்றார் வரகுணர். "இடத்தைக் காலியாக விடும். கிடைக்கும்போது எழுதிக்கொள்ளலாம்."

குழைக்காதருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஏட்டில் காலியிடம் இருந்ததே இல்லை.

அந்த ஆண்டுதான் பேராச்சி மடத்துக்கு வந்திருந்தார். உப்பளத்துக் குடும்பம். நாற்பது வயது. கணவர் கடலில் போனவர் திரும்பவில்லை. நாற்பதாம் வயதில்தான் எழுத்துக் கற்றார். கடற்கரைச் சொற்கள் மடத்தில் யாருக்கும் தெரியாது என்பதால் வரகுணரே அவரை அழைத்துக்கொண்டார். பேராச்சியின் எழுத்து நண்டு நடந்த மணல் போல இருக்கும். அதனால் அவர் கிறுக்கிக் கொடுப்பதைக் குழைக்காதர் நல்ல ஓலையில் படியெடுப்பார். படியெடுத்ததும் கிறுக்கல் ஓலை மடப்பள்ளி அடுப்புக்குப் போய்விடும். அதுவும் மடத்தின் வழக்கம்தான்.

மாசி மாதம் ஒருநாள் வரகுணர் எல்லோருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தார். அயர்வு.

குழைக்காதர் எழுதினார்: களைப்பு, சோர்வு, தளர்ச்சி.

பேராச்சி எழுதினார்: உட்கார்ந்த பிறகு தெரியும் களைப்பு.

வரகுணர் குழைக்காதரின் ஓலையை ஒருமுறை படித்தார். பேராச்சியின் ஓலையை ஒருமுறை படித்தார். பிறகு இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். நெசவுத் தெருவிலிருந்து வந்த ஒரு மாணவர் தன்னை அறியாமல் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இது ஏட்டுக்குப் போகட்டும்" என்றார் வரகுணர்.

அன்று மாலை குழைக்காதர் ஆற்றங்கரையில் நடந்தார். மனசுக்குள் ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அகராதிக்கு ஒழுங்கு வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று நிகர்ச் சொல் கொடுப்பதுதான் மரபு. இப்படி ஆளாளுக்குத் தோன்றியதை எழுதினால் ஏடு என்ன ஆகும்? ஏட்டைப் பற்றிய கவலை இது என்று அவர் உறுதியாக நம்பினார். கவலை என்ற சொல்லை அவர் முன்பே எழுதி முடித்திருந்தார். மூன்று எடுத்துக்காட்டோடு.

பங்குனியில் அரண்மனையிலிருந்து புலவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. ஐந்து நாள் சபை. ஏட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கக் கேட்டு, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளுவார்கள். மடம் முழுவதும் படியெடுக்கும் வேலையில் இறங்கியது.

ஒரு பிற்பகலில் குழைக்காதர் பேராச்சியின் ஓலையைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். கிறுக்கலில் இரண்டு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

அளம்: உப்பு விளையும் பாத்தி.

அளறு: கால் புதையும் சேறு.

கண் ஒரு வரி வழுக்கியது. அவர் எழுதினார்: அளம்: கால் புதையும் சேறு.

அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். ஓலை முடிந்ததும் வழக்கம்போல மேலிருந்து படித்துப் பார்த்தார். பிழை கண்ணில் பட்டது.

புது ஓலை எடுத்து எழுதினால் கால் நாழிகை ஆகும். எழுத்தாணி கையில் இருந்தது. ஓலைக்கட்டு பக்கத்தில் இருந்தது. குழைக்காதர் அந்த வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

'பிறகு பார்க்கலாம்' என்று நினைத்தார்.

ஓலையைக் கட்டில் சேர்த்தார். கிறுக்கல் ஓலையை எடுத்துப் போய் அடுப்பில் போட்டார். அவர் பிறகு பார்க்கவில்லை.

சபை கூடியது. மூன்று புலவர்கள் வந்திருந்தார்கள். தலைவர் விடங்கர். எழுபது வயது. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிழை வந்தால் மட்டும் கண் முழுதாகத் திறக்கும்.

முதல் நாள் அகர வரிசை. வாசித்தவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"அளம்: கால் புதையும் சேறு."

விடங்கரின் கண் திறந்தது. "இதை யார் கொண்டுவந்தது?"

பேராச்சி எழுந்து நின்றார்.

"எந்தக் குடி அம்மா?"

"உப்பளக் குடிங்க, சாமி."

சபையில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். உப்பளத்தில் பிறந்தவருக்கு உப்பளம் சேறாகத் தெரிகிறது என்று யாரோ சொன்னார். மறுபடி சிரிப்பு.

"நான் அப்படி எழுதலியே சாமி" என்றார் பேராச்சி.

"ஏட்டில் இருக்கிறதே."

வரகுணர் குழைக்காதர் பக்கம் திரும்பினார். "படியெடுத்தவர் நீர். எங்காவது தவறியிருக்குமா?"

சபை முழுவதும் குழைக்காதரைப் பார்த்தது. இருபது ஆண்டு அரண்மனை ஓலையில் ஓர் எழுத்துப் பிழைகூடச் செய்யாதவர் என்பது விடங்கருக்கும் தெரியும்.

"இல்லை" என்றார் குழைக்காதர். குரல் நடுங்கவில்லை.

"இவர் கொண்டுவந்த சொற்கள் எத்தனை?" என்று கேட்டார் விடங்கர்.

"முந்நூற்றுப் பத்து" என்றார் வரகுணர்.

"சொந்த வீட்டுச் சொல்லே தெரியாதவர் கொண்டுவந்ததை எப்படி நம்புவது? ஏடு அரங்கேறிவிட்டால் ஆயிரம் ஆண்டு நிற்கும். முந்நூற்றுப் பத்தையும் எடுத்துவிடுங்கள்."

மறுநாள் காலை படித்துறையில் குழைக்காதர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பேராச்சி குடத்தோடு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

குழைக்காதர் நிமிரவில்லை. "கேளும்."

"என் எழுத்து உங்களுக்குப் படிக்க வரலியோ? வரி கோணிப்போச்சோ? ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நெருக்கி எழுதிட்டேன். ஓலை வீணாகுதேன்னு. அதான் உங்க கண்ணு மாறிப்போயிருக்கும். தப்பு என்மேலதான்."

குழைக்காதர் கையில் அள்ளிய தண்ணீர் விரல் வழியாக ஒழுகிப் போயிற்று.

"சபை முடிஞ்சதும் உப்பு வண்டி ஊருக்குத் திரும்புது. அதுல போயிடறேன். உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன்" என்றார் பேராச்சி. குடத்தை நிறைத்தார். இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினார்.

அன்றும் அடுத்த நாளும் குழைக்காதர் சபையில் உட்கார்ந்திருந்தார். வாசிப்பு காதில் விழவில்லை. அந்த அம்மை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஏட்டைப் பற்றிய கவலை என்று தனக்குச் சொல்லிக்கொண்டதை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஏட்டைப் பற்றிக் கவலைப்பட்டவன் ஏட்டில் தெரிந்தே ஒரு பிழையை விடுவானா? அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு நிகர்ச் சொல்கூட இல்லை.

நான்காம் நாள் பகர வரிசை வந்தது.

வாசித்தவர் வாசித்தார். "பொறாமை: பிறர் ஆக்கத்தைப் பொறுக்க இயலாமை. நீ என்பதற்கு: உனக்குப் பொறாமைடி, அதான் என் சேலையைக் குத்தம் சொல்ற. அவர் என்பதற்கு: அவனுக்கு என் தோணியைப் பார்த்துப் பொறாமை."

அவர் நிறுத்தினார். "நான் என்ற இடம் காலியாக இருக்கிறது."

"ஏன் காலி?" என்றார் விடங்கர்.

"கிடைக்கவில்லை" என்றார் வரகுணர்.

"பத்து வீடு ஏறி இறங்கினால் கிடைக்காதா? யாருடைய சொல் இது?"

குழைக்காதர் எழுந்து நின்றார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்னுடையது. இப்போது கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள்."

வாசித்தவர் எழுத்தாணியை எடுத்தார்.

"எனக்குப் பேராச்சியின்மேல் பொறாமை."

ஒருவர் சிரித்தார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"சிரிப்பதற்குச் சொல்லவில்லை" என்றார் குழைக்காதர். "அந்த அம்மை எழுதியது இதுதான். அளம்: உப்பு விளையும் பாத்தி. அளறு: கால் புதையும் சேறு. படியெடுக்கும்போது என் கண் ஒரு வரி வழுக்கியது. அது பிழை. பிறகு படித்துப் பார்த்தபோது கண்டுகொண்டேன். கண்டும் திருத்தவில்லை. அது பிழை அல்ல. முதல் நாள் இந்தச் சபையில் கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய்."

விடங்கரின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"இருபது ஆண்டு அரண்மனை ஓலை எழுதிய கை இது" என்றார் அவர். "சபையில் பொய் சொன்னவரை மடத்தில் வைத்திருக்கக் கூடாது. வெளியேற்றுங்கள்."

"வெளியேற்றலாம்" என்றார் வரகுணர். "அதற்கு முன்னால் முந்நூற்றுப் பத்துச் சொற்களையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவோம். அவை மூன்று நாளாக வெளியே இருக்கின்றன."

விடங்கர் தலையசைத்தார். கட்டு திரும்பி வந்தது. அளம் திருத்தப்பட்டது. அளறு சேர்க்கப்பட்டது. தன் பெயர் கேட்டதும் எழுந்த பேராச்சி அதுவரை நின்றுகொண்டே இருந்தார். கட்டு பிரித்துச் சேர்க்கப்படுவதை அவர் பார்க்கவில்லை. குழைக்காதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மேலயா?" என்றார்.

"ஆம்."

"எங்கிட்ட என்ன இருக்கு?"

"உட்கார்ந்த பிறகு தெரியும் களைப்பு என்று எழுதினீரே. அதை நான் எழுதியிருக்க வேண்டும்."

பேராச்சி யோசித்தார். "நீங்க உட்கார்ந்தே வேலை பாக்கறவங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விடங்கர் இருமினார். அது இருமல்தானா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம்.

"அம்மா" என்றார் அவர், "உமக்குத்தான் தீங்கு நடந்தது. இவரை என்ன செய்யலாம், நீரே சொல்லும்."

பேராச்சிக்குக் கோபம் வந்திருந்தது. மூன்று நாள் தாமதமாக வந்த கோபம். அது முகத்தில் ஏறி நின்றதைச் சபை பார்த்தது. குழைக்காதரும் பார்த்தார்.

"மூணு நாளா என் கையைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் பேராச்சி. "படித்துறையில கேட்டேன்ல? அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் குழைக்காதர்.

"இவர் போயிட்டா என் கிறுக்கலைப் படிக்க இந்த மடத்துல வேற ஆள் இல்ல, சாமி. இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இனிமே என் ஓலையை அடுப்புல போடக் கூடாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒருத்தர் பாக்கணும். ஒவ்வொரு வரியா."

"நான் பார்க்கிறேன்" என்றார் வரகுணர்.

ஐந்தாம் நாள் சபை முடிந்தது. புலவர்கள் பல்லக்கு ஏறினார்கள். கடற்கரைச் சொற்கள் இன்னும் வேண்டும், முந்நூற்றுப் பத்து போதாது என்று விடங்கர் சொல்லிவிட்டுப் போனார். உப்பு வண்டி பேராச்சி இல்லாமல் ஊருக்குத் திரும்பியது.

சித்திரை போயிற்று. வைகாசி போயிற்று. பேராச்சி சொற்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். அலை திரும்பும்போது மணல் எழுப்பும் ஒலிக்கு ஒரு சொல். கரைக்கு வராத படகைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெண்கள் சொல்லும் ஒரு சொல். குழைக்காதர் ஒவ்வொன்றையும் படியெடுத்தார். இருவரும் தேவைக்குப் பேசினார்கள். ஒரு சொல்லின் எழுத்து விளங்காவிட்டால் குழைக்காதர் எழுந்து போய்க் கேட்பார். பேராச்சி சொல்வார். அவ்வளவுதான்.

ஆனி மாதத்துக் காலை ஒன்றில் குழைக்காதர் ஒரு நல்ல ஓலையையும் ஒரு கிறுக்கல் ஓலையையும் கொண்டுவந்து வரகுணர் முன்னால் வைத்தார். வைத்தவர் போகவில்லை.

"என்ன?" என்றார் வரகுணர்.

"ஆசிரியரே, சபையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லிவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன்."

"போகவில்லையா?"

"இல்லை. ஒவ்வொரு ஓலையிலும் வருகிறது. இன்றுகூட. இதோ, இந்த நான்காம் வரி. இதைப் படித்ததும் நெஞ்சு எரிந்தது. இதை நான் பிறந்து ஐம்பது ஆண்டாகக் கேட்டதில்லை. இனி நூறு ஆண்டு இருந்தாலும் எனக்குத் தோன்றாது."

"எரியும்போதே படியெடுத்தீரா?"

"எரியும்போதுதான்."

வரகுணர் இரண்டு ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் வரியில் விரல் வைத்தார். ஒவ்வொரு வரியாக இறங்கினார். நான்காம் வரியில் சற்று நின்றார். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். கடைசி வரிவரை போய் விரலை எடுத்தார்.

குழைக்காதர் காத்திருந்தார். "இது எப்போது போகும், ஆசிரியரே?"

"பிழை இல்லை" என்றார் வரகுணர். "அடுத்த ஓலையை எடும்."